வாட்ஸ்அப்பில் வந்தது பிடிஎஃப்-ஆ, ஏபிகே-வா? ஃபைலைத் திறக்கும் முன்பும் அனுப்பும் முன்பும் பார்க்க வேண்டிய கடைசி எழுத்துகள்

"கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடுங்க" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு ஃபைல். அனுப்பியது தெரிந்த நம்பர்தான். யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்க விரலை வைத்தால், போன் ஏதோ அனுமதி கேட்கிறது. அவசரத்தில் 'அலவ்' கொடுத்துவிடுகிறோம். பத்திரிகை எதுவும் திறக்கவில்லை. ஆனால் சில மணி நேரத்தில் வங்கிக் கணக்கில் இருந்து பணம் போகிறது.

இந்த மோசடி பற்றி 2024-ல் இமாச்சலப் பிரதேச போலீசார் உட்படப் பல மாநில சைபர் கிரைம் பிரிவுகள் எச்சரிக்கை கொடுத்தன. கல்யாணப் பத்திரிகைக்குப் பதில் வங்கி கேஒய்சி, போக்குவரத்து அபராத ரசீது, அரசு உதவித்தொகை என்று தலைப்பு மட்டும் மாறும். உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்: அது பத்திரிகையும் இல்லை, ரசீதும் இல்லை, ஒரு ஆப். அது ஆப் என்பதை அந்த ஃபைலின் பெயரே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் கடைசி வரை படிப்பதில்லை.

ஃபைல் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று, நான்கு எழுத்துகளுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் என்று பெயர். மோசடி ஃபைலில் இருந்து தப்பிப்பதற்கு மட்டும் இல்லை; வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'இன்வேலிட் ஃபைல்' என்று வெப்சைட் திருப்பி அனுப்புவதற்கும், அலுவலகத்தில் அடித்த தமிழ்க் கடிதம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரிவதற்கும் இதை ஒட்டித்தான் விடை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைசிப் புள்ளி ஏன் முக்கியம்?

பிடிஎஃப் என்று முடிந்தால் படிப்பதற்கான ஆவணம். ஜேபிஜி, பிஎன்ஜி என்றால் படம். டிஓசிஎக்ஸ் என்றால் வேர்ட், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் எக்ஸெல். இவையெல்லாம் நாம் பார்க்கவும் படிக்கவும் ஆனவை.

ஏபிகே என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டு போனில் இன்ஸ்டால் ஆகும் ஆப். இஎக்ஸ்இ என்றால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம். இவை திறந்து படிக்கிற ஃபைல்கள் இல்லை. திறந்தால் ஏதாவது வேலை செய்யும் ஃபைல்கள். பத்திரிகையோ ரசீதோ ஒருபோதும் ஏபிகே-வாக வராது. இந்த ஒரு வித்தியாசம் மனசில் நின்றால் பாதி ஆபத்து போச்சு.

'கல்யாண பத்திரிகை டாட் பிடிஎஃப் டாட் ஏபிகே' என்று பெயர் வைப்பது மோசடிக்காரர்களின் வழக்கம். சின்னத் திரையில் பெயரின் முன்பாதி மட்டும் தெரியும். நடுவில் இருக்கும் பிடிஎஃப் நம் கண்ணில் படும். கணக்கில் வருவதோ கடைசிப் புள்ளிதான். வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக வரும் ஃபைலின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதன் அளவும் வகையும் இருக்கும். பிடிஎஃப் என்றால் பெரும்பாலும் எத்தனை பக்கம் என்றும் காட்டும். விரலை வைக்கும் முன் அந்த வரியைப் படியுங்க.

தெரிந்தவர் அனுப்பியதுதானே என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. அவருடைய போனில் அந்த ஆப் ஏறிவிட்டால், அவர் பெயரிலேயே அவருக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கும் போகும். சந்தேகம் இருந்தால் மெசேஜில் கேட்காதீங்க, போன் போட்டுக் கேளுங்க.

இது 25 வருஷப் பழைய தந்திரம்

2000-ம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு இமெயில் உலகம் முழுக்கப் பரவியது. அதனுடன் வந்த ஃபைலின் பெயர் 'உனக்கு ஒரு காதல் கடிதம்' என்ற பொருளில் இருந்தது. டிஎக்ஸ்டி என்று முடிவதுபோலத் தெரிந்தது. சாதாரண எழுத்து ஃபைல்தான் என்று லட்சக்கணக்கானோர் திறந்தார்கள். டிஎக்ஸ்டி-க்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் விபிஎஸ் என்ற எழுத்துகளும் இருந்தன. விபிஎஸ் என்றால் விண்டோஸில் ஓடும் ஸ்கிரிப்ட். அது கம்ப்யூட்டரில் இருந்த படங்களை அழித்துவிட்டு, அட்ரஸ் புக்கில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் இமெயிலை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

அந்த விபிஎஸ் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை விண்டோஸ் மறைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. கொடுமை என்னவென்றால், இன்றைக்கும் புது கம்ப்யூட்டர் வாங்கினால் அப்படித்தான் வருகிறது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் போடுங்க. விண்டோஸ் 10-ல் 'வியூ' டேபிலேயே அந்த டிக் பாக்ஸ் இருக்கும். அரை நிமிட வேலை. அதன் பிறகு எல்லா ஃபைலும் முழுப் பெயரோடு தெரியும்.

ஏபிகே-வை இன்ஸ்டால் செய்துவிட்டால்?

இந்த ஆப்கள் குறிவைப்பது எஸ்எம்எஸ் அனுமதியைத்தான். அது கிடைத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி நேராக அவர்கள் கைக்குப் போய்விடும். அதனால் முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, இணையத்தைத் துண்டியுங்க. வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்க. வேறொருவர் போனில் இருந்து வங்கிக்குப் பேசி, கணக்கையும் யுபிஐ-யையும் முடக்கச் சொல்லுங்க. அடுத்து 1930. இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, போன பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. அதன் பிறகு ஆப்பை நீக்கலாம், வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருக்கிறதா பார்க்கலாம். உங்கள் நம்பரில் இருந்து ஃபைல் வந்தால் திறக்க வேண்டாம் என்று உறவினர் குரூப்பில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெயரை மாற்றினால் ஃபைல் மாறுமா?

இப்போது அனுப்பும் பக்கத்துக்கு வருவோம். 'பிடிஎஃப் மட்டும் அப்லோட் செய்யவும்' என்று வெப்சைட் கேட்கிறது. கையில் இருப்பதோ ஜேபிஜி. பலர் செய்வது, ஃபைலை 'ரீநேம்' செய்து கடைசியில் பிடிஎஃப் என்று போடுவது.

மாறாது. பாட்டிலில் இருக்கும் மண்ணெண்ணெய் மேல் 'தண்ணீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டின கதைதான். ஒவ்வொரு ஃபைலும் உள்ளே தொடங்கும் விதத்திலேயே தன் வகையைச் சொல்லும். பிடிஎஃப்-பைப் பிரித்துப் பார்த்தால் முதல் எழுத்துகளே ஒரு சதவீதக் குறியும் 'பிடிஎஃப்' என்பதும்தான். வேர்ட் ஃபைல் 'பி', 'கே' என்று ஆரம்பிக்கும். காரணம், 2007-க்குப் பிறகு வந்த வேர்ட் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸ் தன் பெயரின் முதல் எழுத்துகளை அதன் தொடக்கத்தில் வைத்துவிட்டார். பல வெப்சைட்கள் இந்தத் தொடக்கத்தையும் சரிபார்க்கும். சரிபார்க்காத வெப்சைட் இன்னும் மோசம்: அப்லோட் ஆகிவிடும், நீங்களும் நிம்மதியாக இருப்பீங்க, பரிசீலிப்பவர் திறக்கும்போது ஒன்றும் வராது.

மாற்றுவது ஒன்றும் கஷ்டம் இல்லை. ஆண்ட்ராய்டில் படத்தைத் திறந்து 'பிரின்ட்' கொடுத்து, பிரின்டர் இருக்கும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்'. வேர்டில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப். சான்றிதழைப் புதிதாக ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் கூகுள் டிரைவ் ஆப்பிலும் ஐபோனின் நோட்ஸ் ஆப்பிலும் அந்த வசதி உண்டு. 2020-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட 59 ஆப்களில் கேம்ஸ்கேனரும் ஒன்று. அதை எங்கிருந்தோ ஏபிகே-வாக எடுத்துப் போடும் வேலை வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11-ல் இருந்து ஐபோன் கேமரா படங்களை ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது. இடம் குறைவாக எடுக்கும் நல்ல வகைதான். ஆனால் நம்ம ஊர் விண்ணப்ப வெப்சைட்கள் பலவற்றுக்கு அது புரியாது. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றினால் அதன் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபிஜி-யாக வரும்.

50 கேபி-க்குள் போட்டோ: எப்படிக் குறைப்பது?

வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். போட்டோ 20 முதல் 50 கேபி-க்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபி-க்குள் இருக்க வேண்டும், இரண்டும் ஜேபிஜி. போட்டோவுக்கு 200-க்கு 230 பிக்சல், கையெழுத்துக்கு 140-க்கு 60 பிக்சல் என்று அறிவிப்பிலேயே இருக்கும். (கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டால் ஏற்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்க.) ஒவ்வொரு தேர்வுக்கும் அளவு மாறும், அதனால் போன வருஷ ஃபைலையே போடாமல் அந்தந்த அறிவிப்பைப் பார்ப்பது நல்லது.

இன்றைய செல்போன் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 4 எம்பி இருக்கும். ஒரு எம்பி என்பது சுமார் 1,000 கேபி. அதாவது கேட்பதைவிட 80 மடங்கு பெரிய படம். இதைக் குறைக்க 'குவாலிட்டி'யை மட்டும் இறக்கினால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். சரியான வரிசை இது: முதலில் தேவையில்லாத பின்னணியை கிராப் செய்யுங்க, அடுத்து பிக்சல் அளவைக் குறையுங்க, கடைசியாக ஜேபிஜி-யாகச் சேமியுங்க. விண்டோஸில் இருக்கும் பழைய பெயின்ட் போதும். 'ரீசைஸ்' அழுத்தி, 'பிக்சல்ஸ்' தேர்ந்தெடுத்து எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது, இணையமே தேவையில்லை. ரொம்பக் குறைத்து 20 கேபி-க்குக் கீழே போய்விட்டாலும் ஏற்காது. அப்போது பிக்சலைக் கொஞ்சம் கூட்டிச் சேமித்துப் பாருங்க.

ஜேபிஜி-யைப் பற்றி ஒரு விஷயம். இந்த வகை, படத்தில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத விவரங்களைத் தூக்கி எறிந்துதான் அளவைக் குறைக்கிறது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போவது மாதிரி. வாட்ஸ்அப்பில் 'போட்டோ'வாக அனுப்பினால் அதுவும் தன் பங்குக்குச் சுருக்கும். அம்மாவிடம் இருந்து சாதிச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் வாங்கி அப்லோட் செய்பவர்கள், பின் ஐகானை அழுத்தி 'டாகுமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்க. அப்படி அனுப்பினால் ஃபைல் இருந்தபடியே வரும். 2 ஜிபி வரை போகும்.

அரசு ஆவணத்தில் கை வைக்கும் முன்

டிஜிலாக்கரில் இருந்து எடுத்த சான்றிதழ், இ-ஆதார் போன்ற பிடிஎஃப்-களில் பல டிஜிட்டல் கையெழுத்தோடு வருகின்றன. திரையில் தெரியும் அந்தக் குறி வெறும் படம் இல்லை. ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது. அளவு பெரிதாக இருக்கிறதே என்று அந்த பிடிஎஃப்-பைச் சுருக்கினாலோ, பிரின்ட் எடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்தாலோ கையெழுத்து செல்லாமல் போய்விடும். பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது இனி நகல் மட்டுமே. அதனால் அசல் ஃபைலைத் தொடாமல் ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, வேறு ஒரு காப்பியில் வேலை பாருங்க.

இ-ஆதார் பாஸ்வேர்டு கேட்கும்: ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் 4 எழுத்துகள் கேப்பிட்டலில், அதோடு பிறந்த ஆண்டு. பூட்டோடு அப்லோட் செய்தால் பரிசீலிப்பவரால் திறக்க முடியாது. குரோமில் திறந்து 'பிரின்ட்' வழியாக 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' கொடுத்தால் பூட்டு இல்லாத காப்பி கிடைக்கும், கையெழுத்து மட்டும் போய்விடும். எது தேவை என்று பார்த்துச் செய்யுங்க.

தமிழ் ஃபைல் ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது?

இது நம் மொழிக்கே உரிய பிரச்சினை. பழைய பென் டிரைவில் இருந்து ஒரு வேர்ட் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ வரும். வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுபவர்கள் உண்டு. அழிக்க வேண்டாம், உள்ளே உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கிறது.

யுனிகோடு பரவும் முன், தமிழ் ஃபான்ட்கள் ஒரு தந்திரத்தில் ஓடின. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினி ஃபான்டில் 'அம்மா' என்று தெரிந்தால், கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் அந்த முகமூடி கழன்று உள்ளே இருப்பது தெரிகிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டு டிடிபி சென்டர்களிலும் பாமினி, தமிழக அரசு அலுவலகங்களில் வானவில் என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்கில் எழுத்தை அடுக்கியதால், ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. 1991-லேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்ற தமிழக அரசு, 2010-ல் யுனிகோடுக்கு வந்தது. ஆனால் நடுவில் அடித்து வைத்த பத்திரங்கள், கேள்வித்தாள்கள், கல்யாண மலர்கள் எல்லாம் பழைய குறியீட்டில்தான் கிடக்கின்றன.

மீட்பது எப்படி? ஃபைலை வேர்டில் திறந்து, கிறுக்கல் மேல் கர்சரை வைத்து, மேலே ஃபான்ட் பெட்டியைப் பாருங்க. அந்த ஃபான்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். படித்தால் மட்டும் போதுமென்றால் அதே ஃபான்டை இன்ஸ்டால் செய்யலாம். நிரந்தரமாக மாற்ற, என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் அந்த ஃபான்டின் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து யுனிகோடாக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஃபைலுக்குள் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் கருவி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். பெயர், முகவரி, இமெயில் இருக்கும் இடங்களைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

பிடிஎஃப்-பில் இந்தத் தொல்லை வேறு விதம். தன்னோடு ஃபான்டையும் தூக்கிக்கொண்டு வருவதால் தமிழ் அழகாகத் தெரியும், காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் கிறுக்கல் வரும். அப்போது கூகுள் டிரைவில் ஏற்றி, 'ஓப்பன் வித்' போய் கூகுள் டாக்ஸில் திறந்தால், எழுத்தைப் படமாகப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கும். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நன்றாகவே வரும்.

'ஃப்ரீ கன்வர்ட்டர்' வெப்சைட், ஜெராக்ஸ் கடை

'ஜேபிஜி டு பிடிஎஃப்' என்று கூகுளில் தேடினால் நூறு வெப்சைட் வரும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் ஃபைல் நம் கையை விட்டு யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். இலவசமாக ஃபைல் மாற்றித் தருவதாகச் சொல்லும் சில தளங்கள் கம்ப்யூட்டரில் மால்வேரை ஏற்றுகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. கவிதைப் போட்டிக்கு அனுப்பும் ஃபைல் என்றால் பரவாயில்லை. ஆதார், பான், வங்கி ஸ்டேட்மென்ட் போன்றவற்றை அங்கே ஏற்ற வேண்டாம். மேலே சொன்ன 'பிரின்ட்' வழியும் பெயின்டும் போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளுமே வேலையை முடித்துவிடும். மாற்றிக் கொடுத்ததாக வந்த ஃபைல் இஎக்ஸ்இ என்று முடிந்தால் திறக்காமல் அப்படியே நீக்கிவிடுங்க.

ஆன்லைனில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் நம்பருக்கு ஆதாரை அனுப்பி பிரின்ட் எடுக்கிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் ஊரார் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருக்கும். முகவரிக்கோ அடையாளத்துக்கோ ஆதார் காட்ட வேண்டிய இடத்தில், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' ஏற்கப்படுமா என்று கேட்டு அதையே கொடுங்க. ஆதார் இணையதளத்தில் டவுன்லோட் செய்யும்போதே அந்த வசதி இருக்கிறது. பிரின்ட் கைக்கு வந்ததும் கடையில் நிற்கும்போதே வாட்ஸ்அப்பில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்க. ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே டவுன்லோட் ஆன காப்பி அதனால் போகாது. அதை நீக்கச் சொல்லி, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்யச் சொல்லிக் கேளுங்க. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டவர்கள் இமெயிலை லாக் அவுட் செய்துவிட்டு எழுவதோடு, அதே 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாங்க.